மரம் அம்மா பக்கம்

போன வருடம் கோடையில் மஸ்கட்டிலிருந்து விடுமுறைக்குத் திண்டிவனம் வந்திருந்தேன். மஸ்கட்டில் ஒரு கம்பெனியில் வேன் ஓட்டுகிறேன். இத்தனை வருடத்தில் வண்டியில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. பிள்ளைகளே, அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

அங்கே சாலையின் வலது பக்கமாக ஓட்ட வேண்டும். டிரைவர் சீட் இடது பக்கம். நம் ஊரில் எல்லாமே நேர்மாறு. அது எனக்குத் தெரியாதா என்ன?

அன்று மைத்துனரின் காரை வாங்கிக்கொண்டு, மனைவியோடும் சின்ன வகுப்பில் படிக்கும் மகளோடும் மயிலம் கோயிலுக்குப் புறப்பட்டேன். பின் சீட்டில் மகளுக்கு பெல்ட் மாட்டியதைப் பார்த்து மைத்துனர் சிரித்தார்.

"இன்னா மாமா, தோ இருக்குற மயிலத்துக்குக் கொழந்தைய கட்டிப் போட்டு இட்டுக்கினு போறீங்க?"

போகும்போது ஒரு குழப்பமும் இல்லை. நெரிசலான சாலையில் முன்னால் போகிற வண்டியைப் பார்த்து ஓட்டினால் போதும், நாமும் சரியான பக்கத்தில்தான் போவோம். சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது, நெரிசல் வேண்டாமென்று வயல்களுக்கு நடுவே போகிற கிராமத்துச் சாலையைப் பிடித்தேன். வலது ஓரத்தில் ஒரு அம்மா நுங்கு வெட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கமே வண்டியை ஒதுக்கி நிறுத்தினேன். மூன்று பேரும் சாப்பிட்டோம். பிறகு வண்டியை எடுத்து, நின்ற பக்கமாகவே நேராக ஓட்டினேன். எதிரே ஒரு சைக்கிள்கூட இல்லை. கை தானாக மஸ்கட்டுக்குப் போய்விட்டது.

வளைவில் ஒரு டவுன் பஸ் நேர் எதிரே வந்தது. "ஏங்க, பஸ்ஸு!" என்று மனைவி அலறினாள். நான் பிரேக்கை மிதித்தேன். பஸ்ஸும் தூசியைக் கிளப்பிக்கொண்டு நின்றது. இரண்டு வண்டிக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்கலாம், அவ்வளவுதான் இடம். மகள் முன்னால் பாய்ந்தாள், பெல்ட் அவளைப் பிடித்து நிறுத்தியது.

அப்போதும் எனக்குப் புரியவில்லை. ஹாரனை விடாமல் அழுத்தினேன். இறங்கிப் போய், ராங் சைடில் வருகிறாயே என்று பஸ் டிரைவரிடம் சண்டைக்கு நின்றேன். ஜன்னலோரம் இருந்த ஒரு அம்மா, "இவுரு எதிர்க்க வந்துட்டு டிரைவரைக் கேக்குறாரு பாரு" என்றார். பஸ்ஸே சிரித்தது.

டிரைவர் மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணா, எங்கேருந்து வர்றீங்க?"

"திண்டிவனம்."

"அது இல்லண்ணா. எந்த நாட்டுலேருந்து வந்துருக்கீங்க?"

அப்போதுதான் திரும்பி என் காரைப் பார்த்தேன். அது நின்ற பக்கத்தைப் பார்த்தேன். வலது பக்கம்!

தன் சித்தப்பா மகனும் சவுதியிலிருந்து வந்தபோது இதே மாதிரி ஓட்டினான் என்றார் அவர். "அவனுக்கு எதிர்ல வந்தது லாரிண்ணா" என்றார். பஸ்ஸைப் பின்னால் எடுத்து, நான் இடது பக்கம் வர வழிவிட்டுப் போனார்.

ஓரமாக நிறுத்திவிட்டு, காரை ஓட்டிப் போக மைத்துனரை வரச்சொல்லப் போனை எடுத்தேன். மனைவி என் கையைப் பிடித்தாள்.

"இன்னிக்கு வுட்டுட்டீங்கன்னா அங்க போயி எப்படி ஓட்டுவீங்க? நீங்களே ஓட்டுங்க. ஆனா எங்க தப்பு நடந்துச்சுன்னு யோசிச்சுட்டு எடுங்க."

யோசித்தேன். பஸ் எதிரே வந்தபோது புளிய மரங்கள் என் ஜன்னலோரம் ஓடின, மனைவி நடுரோட்டுப் பக்கம் இருந்தாள். சரியாக ஓட்டும்போது அவள் பக்கம்தான் மரம் இருக்கும், நடுரோட்டுப் பக்கம் நான் இருப்பேன். மஸ்கட்டிலும் அப்படித்தானே! வண்டியும் பக்கமும் மாறினாலும் டிரைவர் எப்போதும் சாலையின் நடுப்பக்கம்தான். இத்தனை வருடம் ஓட்டியும் இதை நான் யோசித்ததே இல்லை.

மகளுக்கு ஒரு வேலை கொடுத்தேன். எங்கே நின்று கிளம்பினாலும், எங்கே திரும்பினாலும் மரம் யார் பக்கம் என்று அவள் சொல்ல வேண்டும். அவள் சொல்லாமல் வண்டி நகராது. வீடு வரைக்கும் ஒரு திருப்பத்தைக்கூட விடவில்லை அவள். "மரம் அம்மா பக்கம்ப்பா, போலாம்!" மீதி விடுமுறை முழுக்க அப்படித்தான் ஓட்டினேன்.

இப்போது மறுபடியும் மஸ்கட்டில் இருக்கிறேன். நான் போகிற சாலையில் மரமில்லை, மணல்தான். பக்கத்து சீட்டில் மனைவியும் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறை வண்டியை எடுக்கும்போதும் "மரம் அம்மா பக்கம்" என்று வாய்விட்டுச் சொல்கிறேன், சாலை எவ்வளவு காலியாக இருக்கிறதோ அவ்வளவு சத்தமாக.