கிரகணத்தன்று வெட்டிய மீன்

என் மகனுக்குத் தலசீமியா. மாதந்தோறும் திருகோணமலைக்குக் கூட்டிப்போய் இரத்தம் ஏற்றுகிறோம். அவன் வயிற்றில் இருந்தபோது, ஒரு கிரகணத்தன்று, கணவர் கடலிலிருந்து கொண்டுவந்த பாரை மீன் பழுதாகிவிடுமே என்று நான் அதை வெட்டினேன். பிள்ளைக்கு நோய் என்றதும் கணவரின் தாய், மாமி, அதனால்தான் என்றார். நானும் நம்பினேன்.

கதைக்கக் கூச்சப்படும் ஆள் நான். போன மாதம் புதிதாக வந்த டொக்டர், "ஏதும் கேக்க வேணுமோ அம்மா?" என்றார். தலையைக் குனிந்தபடி கேட்டுவிட்டேன்.

"கிரகணத்தண்டு நான் மீன் வெட்டினனான் டொக்டர். அதாலையோ?"

அவர் சிரிக்கவில்லை. "எங்கட உடம்பில இருக்கிற சின்னச் சின்னக் கலங்களுக்குள்ள, புரதம் எப்பிடிச் செய்யிறதெண்ட குறிப்பு இருக்கு. கலம் அதைப் பிரதியெடுத்து, அதில உள்ள ஒழுங்கில சின்னத் துண்டுகளை மணி மாதிரிக் கோக்கும். இரத்தத்தைச் சிவப்பாக்கிற புரதமும் அப்பிடித்தான் உருவாகுது. அந்தக் குறிப்பு ஒண்டு உங்களிட்டயிருந்து, ஒண்டு அப்பாட்டயிருந்து மகனுக்கு வந்தது. ரெண்டிலயும் பிழை. அதால புரதம் போதாது. மீன் வெட்டி அதை மாத்த ஏலாது."

ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததும், கூட வந்திருந்த கணவர் தன் தாய்க்குப் போன் எடுத்தார். "அம்மா, மீனால வந்ததில்லையாம். பாதி என்னட்டயிருந்து வந்தது. இனி அவளைச் சொல்லாதேங்கோ."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. மாமி, "அப்ப உன்ர கொப்பற்ற பக்கத்தாலதான் வந்திருக்கும்" என்றார், மாமனாரை இழுத்து.

நாங்கள் இருவரும் சிரித்துவிட்டோம். ஏனென்று தெரியாமல் மகனும் சிரித்தான்.

நோய் போகவில்லை, இனியும் மாதந்தோறும் போவோம். ஆனால் அன்று ஊருக்குத் திரும்பும் நிலாவெளி பஸ்ஸில் மகன் என் மடியில் தூங்கினான். மனதுக்குள் அவனிடம் மன்னிப்புக் கேட்காமல் நான் வீடு திரும்பிய முதல் நாள் அது.