கூப்பிட்டால் போகும் வேலைக்கு ஒரு படிப்பு

அந்த வருடம் எங்கள் வீட்டுக்கு இரண்டு கவலைகள் சேர்ந்தே வந்தன. மோர்னிங்சைட்டில் நாங்கள் வாங்கியிருந்த சின்ன வீட்டின் மோட்கேஜ் கடனைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. வட்டி ஏறிவிட்டதால் மாதக் கட்டணமும் ஏறும் என்று வங்கியில் சொல்லிவிட்டார்கள். வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போகும் ஆசை எனக்கு வந்ததும் அப்போதுதான்.

மார்க்கம் நகரில் விற்றமின் குளிசைகளைப் போத்தலில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் நான் வேலை செய்தேன். நாள் முழுக்க நிற்க வேண்டும். வலது கால் பெருவிரல் மடங்க மறுக்கத் தொடங்கியபோது குடும்ப வைத்தியர் இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். அங்கே எனக்கு இரத்தம் எடுத்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். நாற்பது நெருங்கியிருந்தாள். ஊசி குத்தியதே தெரியவில்லை. என்ன படித்தால் இந்த வேலைக்கு வரலாம் என்று கேட்டேன். இரத்தம் எடுக்கவும் மாதிரிகளைப் பிரித்து வைக்கவும் ஒரு சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது, ஒரு வருடம்கூட ஆகாது என்றாள்.

இணையத்தில் தேடி, முதலில் கண்ணில் பட்ட ஒரு தனியார் கல்லூரிக்கு என் தொலைபேசி எண்ணைக் கொடுத்தேன். அதன் பிறகு அங்கிருந்து ஒரு ஆள் விடாமல் தொலைபேசி எடுத்தார். இந்தக் கிழமை பதிந்தால் கட்டணத்தில் கழிவு உண்டு, அடுத்த கிழமை இடம் இருக்காது என்றார். கட்டணத்தைக் கேட்டேன். அவ்வளவு காசு எங்களிடம் இல்லை என்றேன். கடன் எடுக்கலாம், படித்து முடித்ததும் சுலபமாகக் கட்டிவிடலாம் என்றார். வேலை நிச்சயமா என்று கேட்டபோது மட்டும் பதில் சுற்றிச் சுற்றிப் போனது.

என் கணவர் பேக்கரியில் இருந்து கடைகளுக்குப் பாண் கொண்டுபோய்க் கொடுக்கும் வான் ஓடுகிறார். ஒப்பந்த வேலை. சுகவீன விடுப்போ காப்புறுதியோ அவருக்குக் கிடையாது. நான் விஷயத்தைச் சொன்னதும் சாப்பிடுவதை நிறுத்தினார்.

"நீர் படிக்கிறதுக்கு நான் எதிரில்லை. ஆனா உம்மட வேலை போனா பிள்ளையின்ர பல்லுக்கு ஆர் கட்டுறது?"

மகளின் பல்லுக்குக் கம்பி போட்டிருந்தோம். அதன் செலவில் பெரும்பங்கை என் தொழிற்சாலைக் காப்புறுதிதான் கட்டியது. பக்கத்து அறையில் இருந்த மகளுக்கு அது கேட்டுவிட்டது.

"அம்மா, ஐ டோன்ட் மைண்ட். கம்பியைக் கழட்டுங்கோ, இட்ஸ் ஃபைன்" என்றாள்.

அவள் அப்படிச் சொன்னதுதான் என்னை அதிகம் வருத்தியது. பதினைந்து வயதுப் பிள்ளை எங்கள் வரவு செலவைப் பார்த்து விட்டுக்கொடுக்கிறாளே என்று மனம் கிடந்து அடித்தது. போத்தல்களுக்கு மூடி போட்டபடியே, படித்தால் எவ்வளவு, படிக்காவிட்டால் எவ்வளவு என்று மனதுக்குள் கூட்டிக் கழித்தேன். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு விடை வந்தது.

எங்கள் கோயிலுக்கு அஜின்கோர்ட்டில் இருந்து வரும் ஒரு அக்கா அதே படிப்பைப் படித்தவர் என்று கேள்விப்பட்டேன். ஞாயிறு பூசை முடிந்ததும் வாகனத் தரிப்பிடத்தில் அவரைப் பிடித்தேன்.

"மணித்தியாலச் சம்பளம் கூடத்தான்" என்றார். "ஆனா மணித்தியாலம் தர வேணுமே. முதல் வருஷம் முழுக்க எனக்கு ஒன்-கோல் தான், கூப்பிட்டாத்தான் வேலை. சில கிழமை ஒவ்வொரு நாளும் கூப்பிடுவினம். சில கிழமை ஒருத்தரும் கூப்பிடாயினம்."

"அப்ப என்னெண்டு சமாளிச்சனீங்கள்?"

"என்ர மனுசனுக்கு நிரந்தர வேலை. உமக்கு அப்பிடி இல்லையே."

என் முகம் வாடியதைக் கண்டிருப்பார். காரின் கதவைத் திறந்தவர் மறுபடி சாத்தினார்.

"படிக்க வேண்டாம் எண்டு சொல்லேல்லை. பிறைவேற் கொலிஜுக்கு மட்டும் போகாதையும். அரசாங்கக் கொலிஜில காசு எவ்வளவோ குறைவு. இடம் கிடைக்கச் சுணங்கும். சுணங்கினாச் சுணங்கட்டும்."

அந்தத் தாமதமே எங்களுக்கு வழியாகிவிட்டது. அரசாங்கக் கல்லூரியில் செப்டெம்பர் வகுப்பு நிரம்பியிருந்தது, ஜனவரிக்குத்தான் இடம் இருந்தது. மகளின் கம்பியை நவம்பரில் கழற்றலாம் என்று பல் வைத்தியர் சொன்னார். அதுவரைக்கும் தொழிற்சாலையில் இருப்பது, பிறகு மாணவர் கடன் எடுப்பது, சனி ஞாயிறில் அங்கேயே பகுதிநேரமாக நிற்பது என்று முடிவு செய்தோம். தனியார் கல்லூரி ஆளிடம் வரவில்லை என்றேன். நல்ல சந்தர்ப்பத்தைத் தவறவிடுகிறீர்கள் என்று சொல்லிவிட்டு வைத்தார். அன்று முழுக்க, அவர் சொன்னது சரியாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயந்துகொண்டே இருந்தேன்.

படிப்பு நான் நினைத்ததைவிடக் கடினம். வகுப்பில் என்னைவிட மூத்தவர்கள் இரண்டு பேர்தான். பயிற்சிக்காக ஒரு பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பினார்கள், அதற்குச் சம்பளம் இல்லை. அந்த மாதங்களில் மோட்கேஜ் கட்டக் கணவர் பாண் கொடுக்கும் இன்னொரு பாதையையும் எடுத்து வான் ஓடினார். வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றவும் பொறுமை இல்லாமல் கதிரையில் சாய்ந்துவிடுவார். ஒரு நாளும் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

முடித்தேன். அக்கா சொன்னபடியே ஒன்-கோல் வேலைதான் கிடைத்தது. ஒரு கிழமை, தொழிற்சாலையில் உழைத்ததைவிடக் கூடக் காசு உழைத்தேன். அடுத்த கிழமை யாருமே கூப்பிடவில்லை. கடன் கட்டும் காலம் தொடங்கியபோது கணவர் கேட்டார்:

"இப்ப பாக்கேக்க, செய்தது சரியோ?"

"தெரியேல்லை. அடுத்த வருஷம் கேளுங்கோ."

"நிரந்தரம் தருவினமோ?"

"ஓம் எண்டுதான் சொல்லுகினம்."

அவர் தலையாட்டிவிட்டு வானுக்குப் பெற்றோல் அடிக்கப் போனார்.

போன மாதம் நிரந்தரப் பகுதிநேர வேலை ஒன்றுக்கு நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்தேன். இன்னும் முடிவு சொல்லவில்லை. அதுவரைக்கும், குளிக்கப் போகும்போது தொலைபேசியைக் குளியலறைக்குள்ளேயே கொண்டுபோகிறேன். தண்ணீர்ச் சத்தத்தில் மணி அடிப்பதுபோல் கேட்கும். குழாயை மூடிவிட்டு, ஈரத்தோடு நின்று காதைக் கொடுப்பேன்.