மாஸ்டர் பீஸை யாரும் அளப்பதில்லை

1991இல் என் தங்கை மஞ்சுளாவின் வீட்டுக்காரர் தாண்டவராயன் ஏழு மாதம் தினமும் செத்துக்கொண்டிருந்தார். கடைசியில் சாகக் கிடந்தது என் தங்கை. நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

ஒரகடம் பக்கம் போல்ட் செய்யும் சின்ன கம்பெனியில் அவருக்குச் செக்கிங் வேலை. மேஜையில் மாஸ்டர் பீஸ் என்று ஒரு போல்ட் இருக்கும். மற்றதையெல்லாம் அதோடு ஒப்பிட்டு, சேராததை ரிஜெக்ட் செய்ய வேண்டும். மாஸ்டர் பீஸை அளக்கிற வழக்கம் அங்கே கிடையாது. அது சரியாகத்தான் இருக்கும்.

பொங்கல் கழிந்து, கூட வேலை செய்த சுப்பன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்தான். அன்றிலிருந்து இவருக்கு ஏப்பம் வந்தால் மாரடைப்பு, வராவிட்டாலும் மாரடைப்பு. படப்பை டாக்டர் ஈசிஜி எடுத்து ஒன்றுமில்லை என்றார். "அந்த நேரம் பாத்து மெஷின்ல மாட்டல" என்றார் இவர். நாலாவது தடவையிலிருந்து டாக்டர் தலை நிமிராமலே சத்து மாத்திரை எழுதினார்.

அப்புறம் வீட்டிலேயே செக்கிங் ஆரம்பமானது. காலையில் ஒரு கை தன் கழுத்தில், இன்னொரு கை மஞ்சுளாவின் மணிக்கட்டில். அவளுக்கு நாடி பத்து அடித்தால் இவருக்கு ஒன்பது. சித்திரையில் எட்டு. ஆடியில் ஆறு.

"இதயம் நின்னுகினே வருது மச்சான்" என்றார் என்னிடம்.

அந்த வாரம்தான் மஞ்சுளா ஒரு குடம் தண்ணீரோடு பம்பிலிருந்து வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்தாள். "இன்னாம்மா?" என்றேன்.

"ஒண்ணுமில்லண்ணா. அவரு இப்புடிக் கீறாரு, தூக்கமே இல்ல."

அப்படித்தான் இருக்கும் என்று நானும் போய்விட்டேன்.

ஆடிப்பெருக்குக்கு டாக்டர் ஊருக்குப் போனார். அவருக்குப் பதிலாக வந்த லேடி டாக்டருக்கு இவரைத் தெரியாது. அதனால் முழுக் கதையும் கேட்டார்.

"பத்துக்கு ஆறுன்னா, அந்தப் பத்து யாருது?"

"வூட்டுக்காரிதும்மா. வெளிய உட்காந்துகினு கீது."

டாக்டர் எண்ணிப் பார்த்தார். இவருக்கு நிமிஷத்துக்கு எழுபது. ஒரு குறையுமில்லை. மஞ்சுளாவைக் கூப்பிட்டுப் பார்த்தார். நூற்றுப் பதினெட்டு. கண் இமையைக் கீழே இழுத்தார். உள்ளே வெளுத்துக் கிடந்தது.

"மாசா மாசம் ரொம்பப் போவுதா?"

"தையிலேர்ந்து நிக்கவே மாட்டேங்குதும்மா."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"யாரும் கேக்கல."

பெரிய ஆஸ்பத்திரியில் அவள் உடம்பில் ரத்தம் பாதிகூட இல்லை என்றார்கள். இன்னும் பத்து நாள் போயிருந்தால் சொல்ல முடியாதாம். ரத்தம் கொடுக்க இவரும் படுத்தார். பரிசோதித்தவர்கள் நல்ல ஆரோக்கியம் என்று எழுதி ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டார்கள்.

அவருக்கு நாலு அறை விடுவதென்றுதான் வராண்டாவுக்குப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார்.

"தெனமும் அவ கையப் புடிச்சிகினு, என்னயே பாத்துகினு இருந்தேன் மச்சான்."

கை எழவில்லை. குடத்தோடு அவள் இரண்டு இடத்தில் உட்கார்ந்ததைப் பார்த்தவன் நான். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.