பிடுங்கிக் கொடுத்த கையம்பு

கனடாவில், ஒஷாவாவுக்கு அப்பால் அந்தப் புல்வெளியில் நின்றவர்கள்: நான். மார்க்கம் நகரில் பாண் பேக்கரியில் என்னோடு வேலை செய்யும் பூட்டான்காரன். அவன் மனைவி. அவளுடைய தமையன். தமையனின் கூட்டாளி ஒருவன்.

அவர்கள் ஊர் விளையாட்டு அது. கையம்பை எறிந்து, தூரத்தில் நட்ட சின்னப் பலகையில் குத்த வேண்டும். முதலில் இருபத்தைந்து புள்ளி எடுக்கும் சோடிக்கு வெற்றி. பட்டால் எறிந்த பக்கம் பாடி ஆடும். எதிர்ப்பக்கம் பலகையடியில் நின்று நக்கலடிக்க வேண்டும். சும்மா நிற்பது மரியாதை இல்லை.

பூட்டான்காரனோடு வழமையாக எறியும் ஆளுக்குக் காய்ச்சல். அதனால் நான். மனைவியின் தமையனான மச்சானிடம் அவன் மூன்று கோடை தோற்றிருந்தான்.

"இந்த முறையும் தோத்தால் மச்சான் வீட்டில சோறு இறங்காது, அண்ணை," என்றான். பேக்கரியில் பழகிய தமிழ்.

நான் எறிந்தது எல்லாம் புல்லில். புள்ளிகள் அவன் எடுத்தவை. அவன் மனைவி ஏதோ கத்தினாள்.

"என்னவாம்?"

"என்ர கை பாண் அடுக்கத்தான் சரியாம்."

"அவ ஆற்ற பக்கம்?"

"தமையன்ர பக்கம், அண்ணை."

இருபத்து நாலுக்கு இருபத்து நாலு. மச்சான் எறிய வந்தார். நாங்கள் பலகையடியில். அவன் பார்க்கப் பயந்து, தன் அங்கியின் நீளக் கையால் கண்ணை மூடினான்.

"ஏசுங்கோ அண்ணை!"

"என்னத்தையடா ஏசிறது?"

"சூப்பர்வைசர் எண்டு நினையுங்கோ."

அது சுகமாக வந்தது.

"உந்தக் கையை வச்சுக்கொண்டு பட்டர் டப்பாவுக்கு மூடி போடவும் ஏலாது உமக்கு!"

அம்பு வந்து பலகை ஓரத்தில் குத்தியது. மச்சான் என்னைவிட மூத்தவர். அவரை நடக்க வைப்பது சரியில்லை. பிடுங்கி, தூசி தட்டி, கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன்.

எல்லோரும் கத்தினார்கள். புள்ளி பார்க்குமுன் அம்பைத் தொடக் கூடாதாம். பலகை முழுக்கப் பழைய ஓட்டை; புதியது எதென்று தெரியாது. அம்பு குத்தியதைக் கிட்ட நின்று கண்டது நான் மட்டும்.

அவன் ஓடி வந்தான். "நிலத்திலதானே அண்ணை? நிலத்திலதானே?"

மச்சான் என் முகத்தையே பார்த்தார். நான் பலகையைக் கை காட்டினேன்.

மச்சானும் கூட்டாளியும் ஆடினார்கள். மனைவியும் அவர்களோடு சேர்ந்துகொண்டாள். என்னையும் இழுத்தார்கள். ஆடினேன்.

"அண்ணை, நீங்கள் ஆற்ற பக்கம்?" என்றான் அவன்.

இருபத்தைந்துக்கு இருபத்து நாலு.