படகு வால் காருக்குப் போட்ட மார்க்

மில்லிமீட்டர் என்றால்தான் அவரை எல்லாருக்கும் தெரியும். கார்களுக்குப் பாடி கட்டும் பட்டறையில் முப்பத்தொரு வருஷம் தகடு தட்டியவர். கதவுக்கும் தூணுக்கும் நடுவே மேலே நாலு மில்லிமீட்டர் இருந்தால் கீழேயும் நாலு இருக்க வேண்டும் அவருக்கு. நாலரை இருந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

அவருக்கு ஒரு சகலை. மனைவியின் தங்கையைக் கட்டியவர், அதே தொழில், வேறு பட்டறை. சகலை எதையும் அளக்க மாட்டார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நாலடி பின்னால் போய் நிற்பார், "இங்க வளைவு கொஞ்சம் தூங்குது" என்பார், சுத்தியலை எடுப்பார். அவர் தட்டி முடித்த வண்டி தெருவில் நின்றால் சைக்கிளில் போகிறவன்கூட இறங்கிவிடுவான். மாமியார் வேறு, போன் செய்தபோதெல்லாம் "சின்ன மாப்பிள்ளை கட்டின வண்டி பேப்பர்ல வந்திருக்காமே, பார்த்தீங்களா?" என்று பெரிய மாப்பிள்ளையிடமே கேட்பார்.

மில்லிமீட்டரும் ஒரு முறை சொந்தமாக ஒரு வண்டி கட்டினார். பாடி இல்லாத பழைய சேஸிஸ் ஒன்றை, சக்கரமும் எஞ்சினும் அடிச்சட்டமுமாக, வாங்கி, நாலு வருஷம் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து, இரண்டு கதவு பாடி ஒன்றை எழுப்பினார். பழைய கார் கண்காட்சியில் அதை நிறுத்தி, இஸ்திரி போட்ட சட்டையோடு பகல் முழுக்கப் பக்கத்தில் நின்றார். வந்தவர்கள் அட்டையைப் படித்தார்கள், தலையை ஆட்டினார்கள், அடுத்த வண்டிக்குப் போனார்கள். ஒரு குறையும் யாரும் சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அதன் பிறகு அவர் வண்டி கட்டவே இல்லை. அடுத்த வருஷம் கண்காட்சிச் சங்கம் நடுவராக வரச் சொன்னபோது உடனே ஒப்புக்கொண்டார்.

நடுவர்கள் மூன்று பேர். அவர்கள் பார்க்க வேண்டியது தனி பாடி கட்டிய கார்களை. கம்பெனியிலிருந்து வந்த கார் என்றால் பழைய படத்தை வைத்துக்கொண்டு, இந்தப் பிடி சரி, அந்த விளக்கு தப்பு என்று சொல்லிவிடலாம். தனியாகக் கட்டியதற்கு ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றும் கிடையாது. உலகத்திலேயே அது ஒன்றுதான். நடுவர் கண்தான் அளவுகோல். மில்லிமீட்டர் மார்க் போட்டால் யாரும் எதிர்த்துப் பேசியதில்லை.

நாலாவது வருஷம் சகலை ஒரு வண்டியோடு வந்தார். மங்கிய பச்சை, பின்பக்கம் படகு மாதிரிக் கூம்பி முடியும் பாடி. மில்லிமீட்டர் முறைப்படி சங்கத் தலைவரிடம் போய், "அது என் சகலை வண்டி. நான் விலகிக்கட்டுமா?" என்று கேட்டார். தலைவர் சிரித்துவிட்டார். "நீங்க சலுகை காட்டுவீங்கன்னு யார் சார் சொல்வாங்க? போய் போடுங்க." மறுபக்கமும் ஒன்று நடக்கலாம் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

காலை பத்து மணிக்குள் அந்தப் பச்சை வண்டியைச் சுற்றி மூன்று வரிசைக் கூட்டம். மில்லிமீட்டர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். கதவு இடைவெளியை அளந்தார், ஒழுங்காக இருந்தது. அதில் ஒரு சின்ன ஏமாற்றம் அவருக்கு. கதவைத் திறந்தார். உள்பக்கம் தோல் போர்த்தவில்லை. அலுமினியத் தகட்டில் சுத்தியல் தடங்கள் அப்படியே தெரிந்தன. பின்னால் யாரோ, "யப்பா, என்ன கை!" என்றார். மில்லிமீட்டர் திரும்பிப் பார்க்காமல் மார்க் தாளை எடுத்தார். தகட்டு வேலை என்ற கட்டத்தில் இருபதுக்குப் பதினொன்று போட்டு, பக்கத்தில் 'முடிப்பு போதாது' என்று எழுதினார். கண்டிப்பாக இருந்துவிட்டோம் என்ற திருப்தியோடு அடுத்த வண்டிக்குப் போனார்.

சகலை வண்டி மூன்றாவது வந்தது. முதல் வண்டிக்கும் அதற்கும் ஐந்து மார்க்தான் வித்தியாசம். அன்றைக்கு மில்லிமீட்டர் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

புகார் கொடுத்தது சகலை இல்லை. நாலாவதாக வந்த ஒரு பல் டாக்டர். போன வருஷம் ஒரு குறைக்கு இரண்டு மார்க் பிடித்தார்கள், இந்த வருஷம் அதே குறைக்கு ஐந்து பிடிக்கிறார்கள், என்ன முறை இது என்று எழுதியிருந்தார். சங்கத்தில் மார்க் தாள்களைப் பராமரித்தவர் ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். அவர் ஒரு காரியம் செய்தார். கண்காட்சியில் பதிவுக்காக எடுத்த படங்களிலிருந்து வண்டிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு தகட்டுப் படங்களைக் கறுப்பு வெள்ளையில் போட்டு எடுத்தார். ஒரு சாண் தகடுதான் தெரியும், பாதிப் படங்களில் சுத்தியல் தடமும் இருந்தது; நிறமும் தெரியாது, யார் வண்டி என்றும் தெரியாது. இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் மூன்று நடுவர்களையும் சங்க அறையில் உட்கார வைத்து, "இதுக்கு மறுபடியும் மார்க் போடுங்க" என்றார்.

அடுத்த வாரம் மில்லிமீட்டரை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"மத்த ரெண்டு பேர் மார்க்கும் எல்லா வண்டியிலயும் ஆடுது சார். மூணு, நாலு, இஷ்டத்துக்கு. உங்களுது பதினொரு படத்துல ஒரு மார்க்குக்கு மேல மாறல. எனக்கே ஆச்சரியமா இருந்துது. ஒரே ஒரு படத்துல மட்டும் ஏழு மார்க் மாறுது."

படத்தை மேஜையில் தள்ளினார். சுத்தியல் தடங்கள். கீழே மில்லிமீட்டரின் கையெழுத்தில் பதினெட்டு. 'ஒரே கை, ஒரே வேகம். தேய்த்து அழிக்காமல் விட்டதே நல்லது.' எழுதியபோது, யாருடைய கை இது, பார்க்க வேண்டுமே என்று ஆசைப்பட்டதுகூட அவருக்கு ஞாபகம் வந்தது.

"இது யார் வண்டின்னு சொல்லணுமா?" என்றார் டீச்சர்.

"வேண்டாம்."

"அறிக்கையில உங்க பேரை நான் எழுதல. ஆனா முடிவு மாறும்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "உங்க பொறாமை எனக்குத் தெரியாதாங்க? தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வந்தா ரெண்டு நாளைக்கு என் மேல எரிஞ்சு விழுவீங்க. சரி, வீட்டோட போகுதேன்னு இருந்தேன். மார்க்ல போய் காட்டுவீங்கன்னு நினைக்கல."

மறுநாள் காலையில் சகலையின் பட்டறைக்குப் போனார். சகலை மணல் பையில் தகட்டை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார். "வாங்கண்ணே" என்று எழுந்து, அவர் வாயைத் திறப்பதற்குள் கையைப் பிடித்துப் பச்சை வண்டிக்கு இழுத்துப் போனார். "முடிப்பு போதாதுன்னு நீங்க எழுதினத கண்காட்சி முடிஞ்சதுமே டீச்சர் காட்டினாங்க. நீங்க சொன்னா காரணம் இல்லாம இருக்காதுன்னு பூரா தேய்ச்சுட்டேன். பாருங்க."

கதவைத் திறந்தார். உள்பக்கம் கண்ணாடி மாதிரி மழமழவென்று இருந்தது. ஒரு தடம்கூட இல்லை.

மில்லிமீட்டர் அந்தத் தகட்டை விரலால் தடவிப் பார்த்தார். "சகல, அதுல ஒரு குறையும் இல்ல" என்றார். "எனக்கு வயிறு எரிஞ்சுது. அதான் கம்மியா போட்டேன்."

சகலை முதலில் ஏதோ கிண்டல் என்று நினைத்துச் சிரிக்கப் பார்த்தார். பிறகு முகம் மாறியது. சுத்தியலை மெதுவாகக் கீழே வைத்தார்.

"அஞ்சு வாரம்ணே. உக்காந்து தேய்ச்சேன். அந்தத் தடம் இனிமே வருமா?"

"வராது."

"போயிடுங்கண்ணே. இருந்தீங்கன்னா ஏதாவது சொல்லிடுவேன்."

அங்கிருந்து நேராகச் சங்கத்துக்குப் போய், முடிவு ஏன் மாறுகிறது என்பதைத் தன் பெயரோடு எழுதிக் கொடுத்தார். நடுவர் பட்டியலிலிருந்து தன்னை எடுத்துவிடச் சொன்னார். டீச்சர் விடவில்லை. மற்ற பதினொரு வண்டிக்கு இவரைப் போல மார்க் போட ஆள் இல்லை என்றார். விதியைத்தான் மாற்றினார்கள். சொந்தக்காரர் வண்டி வந்தால், பிடித்தவரோ பிடிக்காதவரோ, நடுவர் அந்த வண்டியைத் தொடக்கூடாது. குறைக்கும் ஒவ்வொரு மார்க்குக்கும் காரணம் எழுத வேண்டும்.

சகலைக்கு முதல் பரிசுக் கோப்பையைச் சங்கக் கூட்டத்தில் கொடுத்தார்கள். மில்லிமீட்டர் கடைசி வரிசையில் உட்கார்ந்து கை தட்டினார். எல்லாரும் எழுந்து நின்றபோது அவரும் நின்றார். செய்தது தப்பு என்று தெரிந்தது, ஒப்புக்கொண்டாயிற்று, இருந்தும் வயிறு முன்பு போலவே எரிந்தது. இதற்கு மருந்தே இல்லையோ என்று நினைத்துக்கொண்டார்.

எட்டு மாதம் சகலை பேசவில்லை. அக்காவும் தங்கையும் எப்போதும் போல மணிக்கணக்கில் போனில் பேசிக்கொண்டார்கள். அவர்கள் பேச்சிலிருந்துதான் சகலை அந்தக் கதவுத் தகட்டையே கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று தட்டுகிறார் என்று மில்லிமீட்டருக்குத் தெரிந்தது.

அடுத்த கண்காட்சியில் பச்சை வண்டி வந்தது. விதிப்படி மில்லிமீட்டர் வண்டியைச் சுற்றிக் கட்டியிருந்த கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றார். மற்ற இரண்டு நடுவர்களும் கதவை அகலத் திறந்தார்கள், குனிந்தார்கள், எழுதினார்கள், போனார்கள். வண்டி இரண்டாவது வந்தது. காரணங்களை எழுதிப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். பல் டாக்டர்கூட மூச்சு விடவில்லை. மில்லிமீட்டர் பலகையை இரண்டு தடவை படித்தார். அவர் கண்ணுக்குப் பட்டது அதில் இல்லை.

சாயங்காலம் கூட்டம் கலைந்த பிறகு சகலை அவர் பக்கத்தில் வந்து நின்றார். முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"நீங்க போட்டிருந்தா தகட்டுக்கு எவ்வளவுண்ணே?"

"பத்தொன்பது."

"ஒண்ணு எதுக்குப் பிடிச்சீங்க? வயித்தெரிச்சலுக்கா?"

"வயித்தெரிச்சல் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா அந்த ஒண்ணு அதுக்கில்ல. கீழ் மூலையில சுத்தியல் அடி ஒண்ணு தப்பி விழுந்திருக்கு."

சகலை வண்டிக்குப் போய்க் கதவைத் திறந்து, தரையில் முட்டி போட்டுத் தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். அங்கிருந்தபடியே குரல் கொடுத்தார்.

"ஆமாண்ணே. இருக்கு."