என் முழங்கை மட்டும் விழுந்த படம்

இன்று கொட்டாஞ்சேனைச் சர்ச் மண்டபத்தில் பக்திக் கவிதை வாசிப்பு. ஒவ்வொருவரும் தன் சமயமல்லாத வேறொரு சமய ஞானியின் பாடலை வாசிக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

கொட்டாஞ்சேனை செபஸ்தியான் அங்கிள் ஒரு சித்தர் பாடலை எடுத்தார். தெஹிவளை ரிஸ்னா ஒரு கன்னியாஸ்திரியின் கவிதையை எடுத்தாள். வெள்ளவத்தையில் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிற எனக்கு சூஃபி பாடல்.

மூன்றிலும் ஒரே மன்றாட்டுதான். இறைவா, ‘நான்’ அழியட்டும், நீ மட்டும் மிஞ்சு.

கண் கலங்க வாசித்தேன். சபையில் யார் யார் கண் துடைக்கிறார்கள் என்று கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டும்தான் வாசித்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வாட்ஸ்அப் குழுவுக்குப் படங்கள் வந்தன. அங்கிள் இருக்கிறார், ரிஸ்னா இருக்கிறாள், தேநீரோடு தந்த பற்றிஸ் தட்டுகூட இருக்கிறது. தட்டுக்குப் பக்கத்தில் என் முழங்கை.

பொறுக்க முடியாமல் ரிஸ்னாவுக்குப் போனில் கோல் எடுத்தேன். “என்ட படம் ஒண்டுமே இல்லையேடி?”

“நீங்கதானே அக்கா, ‘நான்’ அழியணும் எண்டு அழுதழுது கேட்டீங்க? கேட்ட துஆ உடனே கபூலாகிட்டு, அப்பிடியே பலிச்சிட்டு!”

சிரித்துவிட்டு வைத்தேன். வீட்டுக்கு வந்து எல்லாப் படங்களையும் மறுபடி பெரிதாக்கிப் பார்த்தேன்.

வந்திருந்த நண்பர்களே, நான் வாசிக்கும்போது யாராவது படம் எடுத்திருந்தால் இந்தப் பதிவுக்குக் கீழே கமெண்டில் போடுங்கள். கண்ணீர் தெரிகிற படமென்றால் இன்னும் நல்லது.