யாருக்கும் சொந்தமில்லாத மேஜை

சென்ற ஆண்டு எனக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை நடந்தது. அதன்பின் தினமும் காலையில், பெங்களூரில் எங்கள் காக்ஸ் டவுன் வீட்டருகே உள்ள பிசியோதெரபி நிலையத்துக்குப் போவேன். பக்கத்துச் சைக்கிளில் என் வயதுள்ள ஒரு வெளிநாட்டுக்காரர் மிதிப்பார். எத்தனை சுற்று ஆனது என்பதே அவருக்கு மறந்துவிடும். எதையும் எண்ணாமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. அவருக்கும் சேர்த்து எண்ணினேன். பேச்சு அப்படித்தான் தொடங்கியது.

தென்கிழக்கு ஆசிய நாடு ஒன்றின் தூதராக இருந்து, பிறகு அமைச்சரானவர் அவர். இங்கே ஐ.டி. வேலையில் இருக்கும் மகளோடு தங்கியிருந்தார். இளம் அதிகாரியாக மற்றவர்களின் பெட்டி தூக்கியது, அமைச்சரானதும் தூக்கம் போனது, தேர்தலில் தோற்ற மறுநாள் தொலைபேசியே அடிக்காதது எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

எனக்கோ அப்போது ஒரே குடைச்சல். அப்பாவின் வீட்டை விற்றதிலிருந்து தம்பியும் நானும் பேசுவதில்லை. அவன் மகளின் கல்யாண அழைப்பு வாட்ஸ்அப்பில் வந்தது. நேரில் வந்து அழைக்காத கல்யாணத்துக்கு எப்படிப் போவது? ஆனால் நான் தூக்கி வளர்த்த பெண்ணாயிற்றே!

"வாட்ஸ்அப்ல கூப்பிட்டா நீங்களும் வாட்ஸ்அப்லயே போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க" என்றாள் மனைவி.

மறுநாள் நிலையத்தில் அந்த முன்னாள் அமைச்சரிடம் புலம்பினேன். மிதித்தபடியே, சண்டையிலிருந்த இரண்டு நாடுகளைத் தாம் பேசவைத்த கதையைச் சொன்னார். 'முதலில் நீ வா' என்பதிலேயே மாதக்கணக்கில் இழுத்ததாம். கடைசியில், இருவருக்கும் சொந்தமில்லாத ஊரில் ஓர் ஓட்டலில் மேஜை போட்டாராம்.

"என் உத்தியோகத்தில் பாதி, அந்த மேஜையைத் தேடியதுதான்" என்றார்.

அன்றே தம்பிக்குச் செய்தி அனுப்பினேன். அவன் இருக்கும் லிங்கராஜபுரத்துக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரு பேக்கரி உண்டு. நாளைக் காலை அங்கே வா என்று மட்டும் எழுதினேன். பதில் வரவில்லை. இரவெல்லாம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில் சீக்கிரமே போனால், எனக்கு முன்னால் அவன் உட்கார்ந்திருந்தான். எழுந்து நின்று, அழைப்பிதழை இரண்டு கையாலும் நீட்டினான்.

"இதை வீட்டுக்கே கொண்டுவந்திருக்கலாமேடா?"

"நீ கதவைத் திறக்கலைன்னா என்னண்ணே பண்றது? பேக்கரிக்காரன்னா திறந்துதானே வச்சிருப்பான்."

கல்யாணத்துக்குள் அந்தப் பெரியவர் தம் நாட்டுக்குத் திரும்பிவிட்டார். சர்ச் வாசலில் எடுத்த படத்தில் எங்கள் குடும்பம் இருபத்து மூன்று பேர். ஆனால் அந்தப் படத்தை எப்போது எடுத்துப் பார்த்தாலும், அவரையும் சேர்த்து இருபத்து நான்கு என்றே எண்ணி முடிக்கிறேன்.